எங்க ஊர்ல சுற்றுலாத் தலம் கட்டினா ஊர் பிழைக்குமா? டெல்டாக்காரங்க கருத்து வேணும்

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்களது காவிரியிலிருந்து பிரியற குடமுருட்டி ஆத்து ஓரத்துப் பேரூராட்சி. ஊர்ப் பேரைச் சொன்னா பேச்சு கட்சிச் சண்டைக்குப் போயிடும், அதனால விட்டுடறேன். பாடல் பெற்ற சிவன் கோயில் ஒண்ணு, பெரிய குளம் ஒண்ணு, வாரச்சந்தை. ரெண்டு ரைஸ்மில் இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் ஓடுது. பசங்க பாதிப் பேர் திருப்பூர்ல, மீதி சிங்கப்பூர்ல. சாயந்தரம் ஏழு மணி ஆனா கடைத்தெருவுல கதவு சாத்த ஆரம்பிச்சிடறாங்க.

இப்ப ஒரு திட்டம் பேச்சுல இருக்கு. குளத்துல படகு, கரையில இசை நீரூற்று, ராத்திரிக்கு வண்ண விளக்கு, நுழைவாயில்ல பெரிய சோழ மன்னர் சிலை, பக்கத்துல பத்து கடை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் போற கூட்டத்துல கொஞ்சம் பேர் இங்க திரும்பினாலே ஊர் நிமிர்ந்துடும்னு சொல்றாங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா பாதிப் பணம் கடன். பகுதி சபையில, அதாவது வார்டு மக்கள் கூட்டத்துல, இது பேச்சுக்கு வருது. நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதுப்பேட்டைக்காரன்:
கட்டணும் அண்ணே, யோசிக்கவே வேணாம். நெல்லை மட்டும் நம்பி இருந்ததாலதான் இந்த நிலைமை. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-ல வந்தது. எண்ணெய், எரிவாயு, தோல் பதனிடறது, உருக்காலை எதுவும் இங்க புதுசா வர முடியாது. அது நல்லதுதான், நான் அதுக்காக ஊர்வலம் போனவன். ஆனா அதுக்குப் பதிலா என்ன வேலை கொடுக்கப் போறோம்? மண்ணைக் கெடுக்காத தொழில்னா சுற்றுலாவைத் தவிர வேற எதைச் சொல்றீங்க?

மேலவீதி:
நான் கும்பகோணத்துல சின்னதா ஒரு தங்கும் விடுதி நடத்தறேன். தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு என் தொழில்ல பார்த்ததை வச்சுப் பதில் சொல்றேன்.

கூட்டம் இருக்கு, சந்தேகமே இல்ல. ஆனா "திரும்பினா போதும்"னு சொல்றாங்களே, அங்கதான் சிக்கல். நவக்கிரகக் கோயில் பார்க்க வர்றவங்க எப்படிப் போறாங்கன்னு பாருங்க. விடிகாலையில திங்களூர்ல ஆரம்பிச்சு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். அப்புறம் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியா திருநள்ளாறு. ஒன்பதையும் ஒரே நாள்ல முடிக்கணும். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திடுவாங்க, நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. வேன் ஓட்டறவரோட கணக்கு முழுக்க அந்த நடை சாத்தற நேரம்தான். காலையில ஒரு நிமிஷம் கூட எங்கயும் வண்டி திரும்பாது. சோழர் சிலை எவ்வளவு உயரமா இருந்தாலும் ஜன்னல் வழியா போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க.

ஆனா மத்தியானம் மூணரை, நாலு மணி நேரம் அந்தக் குடும்பம் எங்கயாவது இருந்தாகணும். அப்ப என்ன தேடறாங்க தெரியுமா? சுத்தமான கழிப்பறை, வாழையிலைச் சாப்பாடு, பெரியவங்க காலை நீட்ட ஒரு நிழல். இந்த மூணும் சேர்ந்து இருக்கற இடம் டெல்டாவுல ரொம்பக் கம்மி. உங்க ஊர் வழியில இருந்தா முதல்ல அதைப் பிடிங்க. ரெண்டாவது, ராத்திரி தங்கினாதான் காசு. பகல்ல வந்து போறவங்க விட்டுட்டுப் போறது பார்க்கிங் காசும் தண்ணி பாட்டிலும்தான். தங்கினவங்க ராத்திரி டிபன், காலையில காபி, பால், பூ, சலவை, ஆட்டோன்னு ஊருக்குள்ள செலவு பண்ணுவாங்க.

கடைமுகம்:
பூம்புகார்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். "கட்டினால் வருவார்கள்" என்பதற்கு எங்கள் ஊரே நேரான சாட்சி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் எழுந்தது. ஏழுநிலை மாடம், சுவர் முழுக்கக் கண்ணகி, கோவலன் கதை கல்லில். சிறு வயதில் எங்கள் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போவோம். அந்தச் சிற்பங்களை நான் இன்றைக்கும் மனசாரப் பாராட்டுவேன். மட்டமான வேலை இல்லை அது, தமிழுக்குச் செய்த பெரிய மரியாதை. ஆனால் கடலோரக் கட்டடம். உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை, சிமெண்டைப் பெயர்க்கும், வண்ணத்தை உரிக்கும். ஆண்டுக்கு ஆண்டு கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்கவில்லை. இருட்டறையும் வௌவால் நாற்றமுமாய்ப் பல காலம் கிடந்தது. பிறகு இருபது கோடிக்கு மேல் செலவிட்டுப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அரசே கட்டிய, இலக்கியப் பெருமை உள்ள, கடற்கரையும் கூடவே இருக்கிற இடத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு பேரூராட்சியின் இசை நீரூற்றுக்கு மோட்டார் எரிந்துபோனால் மாற்றப்போவது யார்?

அதனால் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுகிற தொகையைக் கேட்கும்போதே பராமரிப்புத் தொகை எங்கிருந்து வரும், எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. வரி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போய்விடும். பேரூராட்சிக்கு நேராகக் கிடைப்பது பெரும்பாலும் சொத்து வரியும் கடை வாடகையும் நுழைவுக் கட்டணமும்தான். செலவு உள்ளூருக்கு, வரவில் பெரும்பகுதி வெளியூருக்கு என்கிற கணக்கைச் சபையில் பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

தாளடி:
படகு விடறதைப் பத்தி மட்டும் பேசறேன், ஏன்னா தண்ணி என் விஷயம்.

மேட்டூர் அணை திறக்கறது ஜூன் 12, மூடறது ஜனவரி 28. இது நல்ல வருஷத்துக் கணக்கு. 2023-ல சரியா ஜூன் 12-ல திறந்தாங்க, ஆனாலும் தண்ணி போதாம குறுவை நெல் பல இடத்துல கருகிப்போச்சு. 2024-ல திறக்கவே ஜூலை கடைசி ஆயிடுச்சு. சுற்றுலாக்காரங்க எப்ப வருவாங்க? பிள்ளைங்களுக்கு லீவு விடற ஏப்ரல், மே. அப்ப ஆத்துல மணல்தான் இருக்கும், குளம் பாதியா இருக்கும். படகு மிதக்கணும்னா ஆழ்துளைக் கிணறு போட்டு நிரப்பணும். கரையோரத்துக் கைப்பம்பு வத்தும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில குளம் நிரம்பி வழியும், அப்ப படகு விட முடியாது. ஆக வருஷத்துல எத்தனை மாசம் அந்தப் படகு ஓடும்? நிச்சயமா ஓடும்னு சொல்லக்கூடியது மார்கழி, தை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, கரையில பத்து கடைன்னு சொல்றீங்களே, அது நீர்நிலைப் புறம்போக்கா இல்லையான்னு கிராம நிலக் கணக்கான அடங்கல்ல பார்த்துக்கங்க. நீர்நிலையில கட்டடம் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கட்டி முடிச்சு, வாடகைக்கு விட்டு, யாராவது ஒருத்தர் வழக்குப் போட்டா இடிக்கணும். கடை எடுத்த ஏழைதான் நடுத்தெருவுல நிப்பான். குளத்துக்கு வர்ற வாய்க்கால் தூர்ந்து கிடந்தா அதை முதல்ல வெட்டுங்க. குளம் நிறைஞ்சு இருந்தாலே பார்க்க ஆள் வரும்.

மாயவரத்து மருமகன்:
நான் இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே ஃபிளின்ட் என்று ஒரு ஊர். கார் தொழிற்சாலைகளால் வாழ்ந்த ஊர், தொழிற்சாலைகள் ஆள் குறைத்ததும் தத்தளித்தது. சுற்றுலாவால் ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்று 1984-இல் ஆட்டோவேர்ல்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவைக் கூரை வேய்ந்த மண்டபமாகக் கட்டினார்கள். பல கோடி டாலர். ஆறு மாதத்தில் மூடினார்கள். பிறகு விட்டுவிட்டுத் திறந்து பார்த்தும் ஓடவில்லை, 1997-இல் இடித்தேவிட்டார்கள். வேலையிழந்த மக்களின் ஊரில், கார் தொழிலின் பெருமையைக் காசு கொடுத்துப் பார்க்க வெளியூரார் வருவார்கள் என்று நினைத்ததே தவறாகப் போயிற்று. ஒருமுறை பார்த்தவர் மறுபடி வர அங்கே காரணம் எதுவும் இருக்கவில்லை.

நம் பக்கத்தில் மறுபடி வரக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது. தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போகிறவர் ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் போகிறார். ஆழித்தேருக்குத் திருவாரூர் போகிறவரும் அப்படித்தான். அந்த வருகை புதிதாகக் கட்டிய எதற்காகவும் அல்ல.

புதுப்பேட்டைக்காரன்:
வெளிநாட்டு உதாரணம் வேணாம் சார். பெரிய கோயில் 1010-ல கட்டினதுதானே? அப்ப யாராவது "இது ஓடுமா, கடன் அடையுமா"ன்னு கேட்டாங்களா? கட்டினாரு, ஆயிரம் வருஷமா ஜனம் வந்துக்கிட்டே இருக்கு. 1987-ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. 2004-ல கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்துச்சு. இப்ப தஞ்சாவூரே அதை வச்சுத்தான் வாழுது. பெருசா யோசிச்சவன் கட்டினதைத்தான் இன்னிக்குச் சோறாத் தின்னுக்கிட்டிருக்கோம்.

கல்லெழுத்து:
தம்பி, நீங்கள் எடுத்த உதாரணம் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். கோபிக்காமல் படியுங்கள்.

பெரிய கோயிலின் அதிட்டானத்தை, அதாவது கட்டடத்தின் அடித்தளத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அங்கே வெட்டியிருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி, கோயில் நாளைக்கும் மறுநாளைக்கும் எப்படி நடக்க வேண்டும் என்கிற ஏற்பாடு. அணையாமல் எரிகிற ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும், ஆடு பெருகினாலும் செத்தாலும் அளவு மாறாது. கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம், உவச்சு (கொட்டு வாசிப்பு), பக்கவாத்தியம், கணக்கு, தச்சு, சலவை, நாவிதம் என்று யார் யாருக்கு எத்தனை பங்கு, அவர் இறந்தால் பங்கு யாருக்குப் போகும் என்பது வரை கல்லில் இருக்கிறது. அந்த நெல் எந்தெந்த ஊர் நிலத்திலிருந்து வரும் என்பதும் இருக்கிறது.

அதாவது இராசராசன் விமானத்தை எழுப்பியதோடு நிற்காமல், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நிரந்தர வேலையை உண்டாக்கி, வருமானத்தையும் ஒதுக்கி, பொறுப்பையும் பெயர் சொல்லி ஒப்படைத்தான். உங்கள் பேரூராட்சித் திட்ட அறிக்கையில் இப்படி ஒரு பக்கமாவது இருந்தால் நானே வந்து ஆதரவாகப் பேசுகிறேன். சிலையின் உயரமும் நீரூற்றின் வண்ணமும் மட்டும் இருந்தால், சோழர் பெயரை அதற்கு வைக்காமல் இருப்பதே அவர்களுக்கு மரியாதை.

வண்டல்மண்:
சுவாமிமலையில வார்ப்பு வேலை. அப்பா, தாத்தா எல்லாரும் இதே தொழில்தான். எங்களுக்கு மண்ணே காவிரி கொடுக்கறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிச்சு, அதுமேல வண்டலை மெல்லிசாப் பூசி, காய வச்சு, திரும்பப் பூசி, கம்பி கட்டி, சூடு காட்டி மெழுகை வெளிய எடுத்துட்டு, உலோகத்தைக் காய்ச்சி ஊத்தணும். ஆறினதும் அச்சை உடைச்சுடுவோம், அதனால அதே மாதிரி இன்னொண்ணு வராது. புவிசார் குறியீடும் எங்களுக்கு இருக்கு.

இதைப் பார்க்க வெளிநாட்டுக்காரங்க, காலேஜ் பிள்ளைங்க வர்றாங்க. நல்லாப் பேசறாங்க, படம் எடுக்கறாங்க. ஆனா அரை மணி நேரத்துல வண்டி ஏறணும். கைடு அவசரப்படுத்துவாரு. ஒரு சாண் விக்ரகம் முடிக்க வாரக்கணக்குல ஆகும், அதோட விலையை அரை மணியில யாருக்கும் புரிய வைக்க முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து மெழுகைக் கையில எடுத்துப் பிசைஞ்சு பார்த்தவங்கதான் வாங்கறாங்க, இல்லன்னா ஊருக்குப் போய் ஆர்டர் அனுப்பறாங்க. எனக்கு நீரூற்று வேணாம். வர்றவங்க ஒரு பொழுது இங்க இருக்கற மாதிரி ஒரு ஏற்பாடு வேணும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள்ள இருக்கு. இதை ஒரு நாள் பயணமாக் கோத்து நடத்தினா நாலு ஊர்ல அடுப்பு எரியும். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்தைக் கடைசல் பிடிச்சு நாகஸ்வரம் வர்றதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

வேதை ரோடு சரஸு:
நான் வேளாங்கண்ணியில சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். எல்லாரும் சுற்றுலாவைக் கொஞ்சம் கீழ வச்சுப் பேசற மாதிரி இருக்கு, அதான் எழுதறேன்.

என் புருஷன் போன பிறகு மூணு பிள்ளைகளை நான் வளர்த்தது இந்த யாத்திரைக் கூட்டத்தாலதான். ஆகஸ்ட் கடைசியில கொடி ஏத்தினா செப்டம்பர் 8 வரைக்கும் தூக்கமே இருக்காது. நடந்தே வர்றவங்க, காவி கட்டி வர்றவங்க, மும்பையிலிருந்து, கோவாவிலிருந்து வர்றவங்க. சுனாமியில எங்க கரை முழுக்கச் சவமாக் கிடந்துச்சு. ஊரு முடிஞ்சுதுன்னு நினைச்சோம். மாதாவைப் பார்க்க ஜனம் திரும்ப வந்துச்சு, நாங்களும் கடையைத் திரும்பப் போட்டோம். விவசாயக் கூலிக்குப் போயிருந்தா ரெண்டு போகத்துக்கு நடுவுல நான் என்ன சாப்பிட்டிருப்பேன்?

கஷ்டமும் இருக்கு, மறைக்கல. இடத்து விலை ஏறி எங்க சனமே வாடகைக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டோம். பெரிய லாட்ஜெல்லாம் வெளியூர்க்காரங்களுது, கூட்டிப் பெருக்கற வேலைதான் நம்ம பொண்ணுங்களுக்கு. குப்பை கடலுக்குப் போகுது. அதனால அண்ணனுக்கு ஒண்ணு சொல்றேன், அந்தப் பத்து கடையை ஏலம் விடும்போது உள்ளூர்ப் பெண்கள் குழுவுக்கு எத்தனைன்னு முன்னாடியே எழுதி வாங்குங்க. கடை வந்த பிறகு கேட்டா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.

அலையாத்தி:
முத்துப்பேட்டையில படகு இருக்கு. வனத்துறை அனுமதியோட சதுப்புநிலக் காட்டுக்குள்ள போகலாம், நாரையும் நீர்க்காகமும் பார்க்கலாம். யாரும் எதையும் புதுசாக் கட்டல, காடு இருக்கு, அதுதான் காட்சி. 2018 நவம்பர்ல கஜா புயல் அந்தக் காட்டைச் சாய்ச்சுட்டுப் போச்சு. ஆனா ஊருக்குள்ள அலை வராம முன்னாடி நின்னு வாங்கினதும் அதே காடுதான். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள்ல பறவை வர்றதும் இப்படித்தான், ரெண்டும் 2022-ல உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. உங்க குளத்துல வலசைப் பறவை இறங்குதான்னு பாருங்க. இறங்கினா வண்ண விளக்கும் ஸ்பீக்கரும் அதைத் துரத்திடும்.

டேன்ஸ்போர்க் நிழல்:
தரங்கம்பாடி. 1620-ல டேனிஷ்காரன் கட்டின கோட்டை, தேவாலயங்கள், தெருவே ஒரு அருங்காட்சியகம். பழைய வீடுகளைச் சீர் பண்ணித் தங்கும் விடுதி ஆக்கினது அழகா இருக்கு, மனசுக்கு நிறைவு. ஆனா மீனவர் குப்பத்துல வேலை எத்தனை பேருக்குக் கிடைச்சுதுன்னு கேட்டா கை விரல் போதும். பழசைக் காப்பாத்தறதுக்கு அதுவே போதுமான காரணம். பொருளாதாரத்தைத் தூக்கும்னு அதுமேல பாரம் ஏத்தாதீங்க.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. நிறைய யோசிக்க வச்சுட்டீங்க. ஆனா ஒரு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்க ஊர்ல பொம்பளைங்க சாயந்தரம் உட்கார ஒரு இடம் கிடையாது. குளக்கரையில ராத்திரி பாட்டில் உடைஞ்சு கிடக்கு. என் பொண்ணு ட்யூஷன் விட்டு அந்த வழியா வரப் பயப்படறா. கரையைச் சுத்தி நடைபாதை, விளக்கு, பெஞ்சு, ஒரு கழிப்பறை. இது வேணும். வெளியூர்லேர்ந்து ஒருத்தர்கூட வரலன்னாலும் வேணும்.

கடைமுகம்:
அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். அது ஊராருக்கான பூங்கா. அதற்கு வரவு காட்ட வேண்டியதில்லை, செலவும் பெரிதில்லை. நகர்ப்புற உள்ளாட்சி நிதியில் செய்யலாம், கடன் தேவைப்படாது. சுற்றுலா வருமானம் வரும் என்று சொல்லி அதற்குக் கோடிகளைச் சேர்க்கும்போதுதான் வேண்டாத நீரூற்றும் சிலையும் உள்ளே வருகின்றன.

புதுப்பேட்டைக்காரன்:
சரி, படகை விட்டுடறேன். தாளடி அண்ணன் சொன்ன தண்ணிக் கணக்குக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா பூங்கா மட்டும் கட்டினா வேலை வராதே? கடைமுகம் ஐயா, நீங்க ஊரைப் பார்க்கறீங்க, நான் ப்ளஸ் டூ முடிச்சு திருப்பூர் பஸ் ஏறற பையனைப் பார்க்கறேன். 2028-ல மகாமகம் வருது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதடவை. கும்பகோணம் தாங்காது, கூட்டம் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சிதறும். அதுக்குள்ள எங்க ஊர் தயாராகணும்.

மேலவீதி:
இது உருப்படியான பேச்சு. 1992 மகாமகத்துல குளக்கரை நெரிசல்ல ஐம்பது பேர் அளவுக்கு உயிர் போச்சு, அந்தப் பயம் எங்க தலைமுறைக்கு இன்னும் இருக்கு. 2016-ல ஜனம் ஒரே நாள்ல குவியாம பல நாளாப் பிரிஞ்சு முழுக்குக்கு வந்ததால சமாளிக்க முடிஞ்சுது. 2028-க்குச் சுத்துப்பட்டு ஊர்கள்ல தங்க இடம் கிடைச்சா கும்பகோணத்துக்கே பெரிய உதவி. ஆனா அந்தப் பத்து நாளுக்காகப் புதுக் கட்டடம் எழுப்பாதீங்க, அடுத்தது 2040. உங்க அக்ரகாரத்துல, மேலத் தெருவுல பூட்டிக் கிடக்கற ஓட்டு வீடு எத்தனை? திண்ணையும் முற்றமும் இருக்கற வீடு. உரிமையாளர் சென்னையிலயோ வெளிநாட்டுலயோ இருப்பார். நாலஞ்சு வீட்டைப் பேசி வாங்கி, கழிப்பறை மட்டும் புதுசாக் கட்டி, உங்க பசங்களை வச்சு நடத்துங்க. வீட்டுத் தங்கல் (ஹோம்ஸ்டே) பதிவுக்கு என்ன தாள் வேணும்னு நான் சொல்லித் தர்றேன். ஒரு பையனுக்குக் கணக்கும் விருந்தாளிகிட்டப் பேசறதும் பழகணும்னா என் விடுதிக்கு அனுப்புங்க, சம்பளம் கொடுத்தே கத்துக்கொடுக்கறேன்.

வேதை ரோடு சரஸு:
சமையலுக்குப் பொம்பளைங்களைத்தான் போடணும், சொல்லிட்டேன். வெளியூர்லேர்ந்து மாஸ்டர் கூப்பிடாதீங்க.

குடமுருட்டிக்கரை:
பூட்டிக் கிடக்கற வீடு எங்க தெருவுலயே ஆறு இருக்கு. ரெண்டுக்கு வாரிசுத் தகராறு, மத்ததுக்குப் பேசிப் பார்க்கலாம். சபையில மூணு கேள்வி வைக்கப் போறேன். கரை நிலத்தோட வகைப்பாடு என்ன, பராமரிப்புக்கு வருஷத் தொகை எதிலேர்ந்து, கடையில உள்ளூர்ப் பெண்களுக்கு எத்தனை. படகும் சிலையும் வேணாம், வாய்க்காலைத் தூர் வாரி நடைபாதை போடுங்கன்னு எழுதிக் கொடுக்கறேன். புதுப்பேட்டைத் தம்பி, நீ எந்த ஊருன்னு தனிச் செய்தியில சொல்லு. பக்கம்னா வா, வீடுகளைப் போய்ப் பார்ப்போம்.

புதுப்பேட்டைக்காரன்:
வர்றேன் அண்ணே. ஆனா சிலை விஷயத்துல நான் இன்னும் மாறல.

தாளடி:
வாய்க்கால் தூர் வாரறதை மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி, சித்திரையிலயே முடிக்கச் சொல்லுங்க. தண்ணி வந்த பிறகு இயந்திரத்தை இறக்கி, வாரின மாதிரி பில் போடற பழக்கம் இருக்கு. நீளம், அகலம், ஆழம் மூணையும் பலகையில எழுதி வாய்க்கால் தலைப்புல வைக்கச் சொல்லிக் கேளுங்க.